லைட் பீரை ஒழுங்காக ருசித்து எடை போடுவது எப்படி

லைட் பீரைப் பற்றிப் பேச்சு வந்தாலே "அது வெறும் தண்ணி, அதில் ருசி பார்க்க என்ன இருக்கு" என்று முடித்துவிடுகிறார்கள். சேலத்தில் நாலு பேர் சேர்ந்தால் இரண்டு பேர் நேராக ஸ்ட்ராங் பக்கம் போவார்கள், மீதி இரண்டு பேர் லைட் வாங்கினாலும் கேட்கிற ஒரே கேள்வி "கூலிங் இருக்கா" என்பதுதான். பல் கூசும் அளவுக்குக் குளிர்ந்திருந்தால் எல்லா பீரும் ஒரே மாதிரிதான் தெரியும், அதனால் அதில் நல்லது எது, கெட்டது எது என்ற பேச்சே வருவதில்லை.

என் கருத்து இதற்கு நேர் எதிர். செய்வதற்கு மிகக் கஷ்டமான பீர்களில் இது ஒன்று. ஸ்டவுட் என்ற கறுப்பு பீரில் கருக வறுத்த மால்ட் (முளைகட்டிய பார்லி) இருக்கும், ஐ.பி.ஏ. என்ற கசப்பு பீரில் ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பும் வாசனையும் தருகிற பூ) வாசனை தூக்கலாக இருக்கும், செய்முறையில் நடக்கிற சின்னத் தப்புகள் அந்த ருசிக்கு அடியில் மறைந்துபோகும். லைட் பீரில் மறைய இடமே கிடையாது. நொதித்தலில் கொஞ்சம் அவசரப்பட்டாலும், பாட்டிலுக்குள் துளி காற்று அதிகமாகப் புகுந்தாலும், கிடங்கில் ஒரு கோடைக்காலம் கிடந்தாலும் அது நாக்கில் தெரியும், கவனிக்கப் பழகியிருந்தால். அந்தப் பழக்கத்தை எப்படி உண்டாக்கிக்கொள்வது என்றுதான் இங்கே எழுதுகிறேன். 21 வயது ஆனவர்களுக்கு, அதுவும் ஏற்கெனவே குடிக்கிறவர்களுக்கு மட்டும். குடிக்காதவர்கள் இதற்காகத் தொடங்க வேண்டாம்.

முதலில், எதை லைட் என்கிறோம்

நம் கடைகளில் ஆல்கஹால் 5 சதவீதத்தைத் தாண்டாத பீரை லைட் என்கிறோம். அதற்கு மேல் 8 சதவீதம் வரை போவது ஸ்ட்ராங். அமெரிக்காவில் லைட் என்று விற்பது இன்னும் மெலிந்தது, பெரும்பாலும் 4.2 சதவீதம். அங்கே ஜோசப் ஓவேட்ஸ் என்ற வேதியியலாளர் ஒரு வழியைக் கண்டுபிடித்தார்: சாதாரணமாக ஈஸ்ட் தின்ன முடியாமல் விட்டுவிடுகிற மாவுச்சத்துத் துண்டுகளை ஒரு என்சைம் போட்டு உடைத்துக் கொடுத்தால் ஈஸ்ட் அதையும் தின்று தீர்த்துவிடும், மிச்சம் இருக்கிற சர்க்கரை கிட்டத்தட்ட இல்லாமல் போகும். 1967ல் அந்த முறையில் வந்த டயட் பீர் விற்கவில்லை. மில்லர் லைட் 1975ல் நாடு முழுக்க இறங்கியது, பட் லைட் 1982ல் வந்தது, அதற்கப்புறம் அங்கே லைட் பீர் பெருமளவில் விற்றது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஈஸ்ட் தின்னாமல் விடுகிற அந்த மிச்சம்தான் பீருக்கு வாயில் ஒரு கனம் கொடுக்கிறது. அதை எடுத்துவிட்டால் பீர் மெலியும், வறண்ட முடிவு (விழுங்கிய பிறகு வாயில் நிற்கிற ருசி) வரும். அதாவது லைட் பீர் மெலிந்திருப்பது குறை இல்லை, அதைத்தான் செய்ய நினைத்தார்கள். அதைக் குறையாகச் சொல்லி மார்க் குறைப்பது நியாயமே இல்லை.

கலோரி கணக்கும் இதோடு சேர்ந்தது. மில்லர் லைட்டின் 355 மில்லி டின்னில் 96 கலோரி, அதில் 80க்கு மேல் ஆல்கஹாலில் இருந்தே வருகிறது. நம் 650 மில்லி பாட்டில் 4.8 சதவீதம் என்றால் அதில் சுத்த ஆல்கஹால் மட்டும் சுமார் 25 கிராம், அதாவது 170 கலோரிக்கு மேல். லைட்தானே என்று மூன்று பாட்டில் போடுகிறவர்கள் இதைக் கணக்கில் வைக்க வேண்டும்.

அப்புறம் அரிசி. பார்லி மால்ட்டோடு அரிசியோ மக்காச்சோளமோ சர்க்கரையோ சேர்ப்பதை "கலப்படம்" என்று பேசுகிறார்கள். பட்வைசரில் அரிசி உண்டு என்பதை அந்தக் கம்பெனியே லேபிளில் போட்டு விற்கிறது. அரிசியில் இருந்து வருவது கிட்டத்தட்ட ருசியே இல்லாத மாவுச்சத்து, அது பீரின் நிறத்தையும் கனத்தையும் குறைக்கும், முடிவைச் சுத்தமாக்கும். அது ஒரு தேர்வு, ஏமாற்று இல்லை. குச்சிக்கிழங்கும் (மரவள்ளிக்கிழங்கு) சேகோ (ஜவ்வரிசி) ஃபாக்டரியும் பார்த்து வளர்ந்த சேலத்துக்காரர்களுக்கு இது இன்னும் நன்றாகப் புரியும்: மொசாம்பிக்கில் 2011ல் குச்சிக்கிழங்கை வைத்தே இம்பாலா என்று ஒரு பீரைச் சந்தைக்குக் கொண்டுவந்தார்கள். மாவுச்சத்து எதில் இருந்து வந்தாலும் அதைச் சர்க்கரையாக்கினால் ஈஸ்ட் தின்னும். கேள்வி, அதை எவ்வளவு சேர்த்தார்கள், சேர்த்த பிறகு பீர் சமநிலையாக இருக்கிறதா என்பதுதான்.

வாங்கும்போதே பாதி வேலை முடிந்துவிடும்

பிராண்டைப் பார்ப்பதற்கு முன்னால் தேதியைப் பாருங்கள். லேபிளிலோ டின்னின் அடியிலோ தயாரித்த தேதி அச்சடித்திருக்கும். லைட் பீர் நாள் போகப் போக மேம்படுகிற பொருள் இல்லை, ஆலையை விட்டு வெளியே வந்த நாளில் இருந்து கீழேதான் இறங்குகிறது. ஒரு மாதத்துக்குள் தயாரித்தது கிடைத்தால் அதை எடுங்கள், மூன்று மாதம் வரை பரவாயில்லை, அதற்கு மேல் போனது வெயில் காலத்தில் வந்தது என்றால் நான் தொடமாட்டேன்.

வெயிலை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், பீரைக் கெடுப்பதில் முதல் எதிரி சூடுதான். பீர்க்காரர்கள் ஒரு தோராயக் கணக்கு வைத்திருக்கிறார்கள்: 32 டிகிரியில் 3 நாள், 22 டிகிரியில் 30 நாள், 3 டிகிரியில் 300 நாள், மூன்றும் பீரை ஏறக்குறைய ஒரே அளவு பழசாக்கும். இப்போது சேலத்து ஏப்ரல், மே மாதத்தை நினைத்துப் பாருங்கள். வெளியே 38, 40 டிகிரி, தகரக் கூரை போட்ட இடத்தில் அடுக்கி வைத்த பெட்டிக்குள் அதைவிட அதிகம். தேதி புதுசாக இருந்தும் பீர் கிழடு தட்டியிருப்பதற்குக் காரணம் இதுதான். அதனால் கடையில் ஃப்ரிட்ஜுக்குள்ளேயே இருந்ததைக் கேட்டு வாங்குங்கள், வாசல் வெயில் படுகிற இடத்தில் நிற்கிற பெட்டியில் இருந்து எடுத்துக் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லத் தயங்காதீர்கள்.

வெளிச்சம் இரண்டாவது எதிரி. ஹாப்ஸில் இருந்து வந்த கசப்புப் பொருள் மேல் வெயில் பட்டால் அது உடைந்து கந்தகத்தோடு சேர்ந்து ஒரு நாற்றத்தை உண்டாக்கும், ரப்பர் கருகியதும் பூண்டு ஊசியதும் கலந்த மாதிரி. பழுப்பு பாட்டில் இந்த வெளிச்சத்தைப் பெருமளவு தடுத்துவிடும். பச்சை பாட்டில் கொஞ்சம்தான் தடுக்கும், நிறமில்லாத பாட்டில் தடுக்கவே தடுக்காது. டின்னுக்குள் வெளிச்சமே போகாது. பச்சை பாட்டில் என்றால் உசத்தி என்று ஒரு எண்ணம் இருக்கிறது, பீரைப் பாதுகாக்கும் கணக்கில் அது தப்பு. ருசி பார்க்க வாங்குவதாக இருந்தால் டின், அது இல்லையென்றால் பழுப்பு பாட்டில்.

குளிர், குலுக்கல், மலை

ருசி பார்க்கும்போது பீர் 5 டிகிரி அளவில் தொடங்கி 10, 12 வரை மெதுவாக ஏற வேண்டும். பூஜ்யத்தை ஒட்டிய குளிரில் நாக்கு மரத்துப்போகும், வாசனையும் மேலே வராது. "செம சில்லுனு இருக்கணும்" என்று விளம்பரம் செய்வதில் ஒரு வசதி உண்டு, குறைகள் அப்போது தெரியாது. ஃப்ரிட்ஜில் ராத்திரி முழுக்க வைத்ததை எடுத்து ஐந்து நிமிடம் வெளியே வைத்தால் சேலத்தில் போதும். அவசரம் என்றால் ஒரு வாளியில் ஐஸும் தண்ணியும் ஒரு கைப்பிடி உப்பும் போட்டு அதற்குள் கால் மணி நேரம் முக்கி வையுங்கள். ஃப்ரீசரில் வைத்து மறந்துவிடாதீர்கள், லைட் பீர் மைனஸ் 2, 3 டிகிரியிலேயே உறையத் தொடங்கும், பாட்டில் வெடிக்கும். கிளாஸுக்குள் ஐஸ் கட்டி போடுவது வேண்டவே வேண்டாம். ஏற்கெனவே மெலிந்த பீரில் தண்ணீரைச் சேர்ப்பதோடு, ஃப்ரீசரில் இருந்த மீன் வாடையும் சேர்ந்து வரும்.

ஏற்காட்டில் இந்த வேலையைச் செய்ய ஆசைப்படுகிறவர்கள் நிறைய. ஆசையில் நியாயம் இருக்கிறது, அங்கே கிளாஸில் ஊற்றிய பீர் மெதுவாகத்தான் சூடேறும், அதனால் ஒவ்வொரு கட்டத்தையும் நிதானமாகக் கவனிக்க முடியும். ஆனால் இரண்டு விஷயம். 20 கொண்டை ஊசி வளைவிலும் குலுங்கி வந்த பாட்டிலைப் போன உடனே திறக்கக் கூடாது, ஒரு ராத்திரி நிமிர்த்தி வைத்துவிட்டு அடுத்த நாள் திறங்கள். இரண்டாவது, உயரம். ஏற்காடு கடல் மட்டத்தில் இருந்து சுமார் 1,500 மீட்டர், அங்கே காற்றின் அழுத்தம் சுமார் 16 சதவீதம் குறைவு. மலை ஏறியதும் சிப்ஸ் பாக்கெட் உப்பி நிற்பது இதனால்தான், பீரிலும் அதே கதை: மூடியைத் திறந்ததும் கேஸ் வேகமாக வெளியே ஓடும், நுரை அதிகமாகப் பொங்கும், சீக்கிரம் சப்பென்று ஆகும். அதனால் மலையில் நுரையை வைத்து மார்க் போடும்போது கொஞ்சம் தாராளமாகவோ கறாராகவோ போய்விடும், சேலத்தில் ருசித்ததோடு அதை ஒப்பிடாதீர்கள். ராத்திரிக் குளிரில் வெளியே வைத்தால் கூலிங் ஆகிவிடும் என்றும் நினைக்க வேண்டாம், அங்கே பெரும்பாலான ராத்திரிகள் 12 டிகிரிக்கு மேல்தான்.

இன்னொன்றை அழுத்திச் சொல்கிறேன். ருசி பார்ப்பது அந்த இரவு அங்கேயே தங்குகிறவர்களுக்கு மட்டும். ரத்தத்தில் 100 மில்லிக்கு 30 மில்லிகிராம் ஆல்கஹால் என்பதுதான் சட்டம் போட்டிருக்கிற எல்லை, ஒரு பெரிய பாட்டிலே பலரை அதற்கு மேல் கொண்டுபோய்விடும். அந்த ரோட்டில் குடித்துவிட்டு வண்டி எடுப்பவர் எதிரே வரும் பஸ்ஸில் இருப்பவர்களின் உயிரையும் சேர்த்துத்தான் பணயம் வைக்கிறார். காலி பாட்டிலையும் வளைவில் வீசாமல் கீழே கொண்டுவாருங்கள், உடைந்த கண்ணாடி காட்டுமாட்டின் காலுக்குத்தான் போகும்.

கிளாஸும் வாயும்

சேலம் உருக்காலை இருக்கிற ஊர், வீட்டுக்கு வீடு எவர்சில்வர் டம்ளர்தான். இந்த ஒரு வேலைக்கு அது உதவாது, நிறமும் நுரையும் குமிழியும் தெரிய வேண்டும். நேராக நிற்கிற, பூ வேலை இல்லாத, மெல்லிய கண்ணாடி டம்ளர் போதும், அது இல்லையென்றால் டீக்கடை கிளாஸ்கூடச் சரிதான். பிளாஸ்டிக் கப் வேண்டாம், அதற்கு என்று ஒரு வாடை உண்டு.

கிளாஸ் சுத்தம் என்பதில் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். எண்ணெய்ப் பிசுக்கோ சோப்போ துளி ஒட்டியிருந்தாலும் நுரை நிற்காது, அப்புறம் பீர் மேல் பழி போடுவோம். போர் தண்ணியில் கழுவினால் வெள்ளையாக உப்பு படியும், எலுமிச்சம்பழத் தோலால் தேய்த்து நல்ல தண்ணியில் அலசி, துணியால் துடைக்காமல் கவிழ்த்துக் காய வையுங்கள். கழுவிய கிளாஸில் தண்ணீர் ஊற்றிக் கொட்டிப் பார்த்தால், சுத்தமாக இருந்தால் ஒரே படலமாக வழியும், பிசுக்கு இருந்தால் துளித் துளியாக ஒட்டி நிற்கும். பீர் ஊற்றிய பிறகு பக்கவாட்டில் குமிழிகள் கொத்தாக ஒட்டிக்கொண்டு நகராமல் இருந்தாலும் கிளாஸ் அழுக்கு என்றே அர்த்தம்.

வாய்க்கும் இதே விதி. ருசி பார்ப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னால் ஃபில்டர் காபி, வெற்றிலை, சிகரெட் எதுவும் கூடாது. சேலத்துத் தின்பண்டமான தட்டுவடை செட்டு எனக்கு உயிர், ஆனால் அந்தப் பூண்டுச் சட்னியும் காரமும் வாயில் இருக்கும்போது லைட் பீரின் ருசி துளிகூடத் தெரியாது. அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். நடுநடுவே வாயைச் சுத்தம் செய்ய உப்பில்லாத பொரியும் குளிரில்லாத தண்ணியும்தான் சிறந்தது. அறையில் ஊதுபத்தி, சென்ட், மல்லிகைப்பூ எதுவும் இருக்கக் கூடாது, இவ்வளவு மெல்லிய வாசனை உள்ள பொருளுக்கு அறையே அமைதியாக இருக்க வேண்டும்.

ஊற்றுவது, பார்ப்பது

கிளாஸைச் சாய்த்துப் பிடித்துப் பாதி, நிமிர்த்திப் பாதி என்று ஊற்றி, மூன்றில் ஒரு பங்கு மட்டும் நிரப்புங்கள். மிச்ச இடம் வாசனை தங்குவதற்கு. நிறம் வெளிர் வைக்கோலில் இருந்து வெளிர் மஞ்சள் வரை இருக்கலாம். பின்னால் செய்தித்தாளைப் பிடித்தால் எழுத்து தெளிவாகத் தெரிய வேண்டும். லேசாக மங்கலாக இருந்து, சூடேறியதும் தெளிந்துவிட்டால் அது குளிரால் வந்த மங்கல், பெரிய குற்றம் இல்லை. சூடேறிய பிறகும் கலங்கலாகவே இருந்தால் சந்தேகப்படுங்கள். நுரை வெள்ளையாக, ஓரளவு உயரமாக எழ வேண்டும், ஆனால் கோதுமை பீர் மாதிரி நிலைத்து நிற்க வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். நுரையைத் தாங்குவது மால்ட்டின் புரதமும் ஹாப்ஸும், லைட் பீரில் இரண்டுமே குறைவு.

பீரில் கிளிசரின் கலக்கிறார்கள் என்கிற பேச்சை இங்கே முடித்துவிடுகிறேன். பாட்டிலைத் தண்ணீர் கிளாஸில் தலைகீழாகக் கவிழ்த்து, கீழே கோடு கோடாக இறங்குவதைக் காட்டி "பார், கிளிசரின் வெளியே போகுது" என்று சொல்கிற பழக்கம் இன்னும் இருக்கிறது. இறங்குவது பீர்தான். பெரும்பாலான பீர் தண்ணீரைவிடக் கொஞ்சம் அடர்த்தி, அதனால் கீழே இறங்குகிறது, அதன் இடத்துக்குத் தண்ணீர் மேலே ஏறுகிறது. கிளிசரின் ஈஸ்ட்டே நொதித்தலில் கொஞ்சம் உண்டாக்குகிற பொருள், அது பீரில் முழுக்கக் கரைந்திருக்கும், இப்படித் தனியாகப் பிரிந்து வரவே வராது. காசு கொடுத்து வாங்கிய பீரில் தண்ணீரைக் கலக்காதீர்கள்.

மூக்கு

இதுதான் முக்கியமான கட்டம், இதற்குத்தான் நேரம் செலவழிக்க வேண்டும். ஊற்றிய உடனே, குடிப்பதற்கு முன்னால், சின்னச் சின்னதாக இரண்டு மூன்று தடவை முகர்ந்து பாருங்கள். சில வாடைகள் முதல் நிமிடத்திலேயே பறந்துபோகும். அப்புறம் கிளாஸ் வாயை உள்ளங்கையால் மூடி லேசாகச் சுழற்றிவிட்டுத் திறந்து மறுபடி முகருங்கள். மூக்கு களைத்துப்போனால் உங்கள் சட்டைக் கையை ஒரு தடவை முகர்ந்தால் சரியாகிவிடும்.

நல்ல லைட் பீரில் என்ன கிடைக்கும்? மிகக் குறைவாகத்தான். லேசான தானிய வாசனை, பொரியை வாயருகே கொண்டுபோகும்போது வருகிற மாதிரி. இருந்தால் ஒரு துளி பூ வாசனையோ மூலிகை வாசனையோ, அது ஹாப்ஸ். அவ்வளவுதான். இந்த அமைதிக்கு மேலே வேறு எது தெரிந்தாலும் அது என்ன என்று கேளுங்கள்.

வேகவைத்த மக்காச்சோள வாடை வந்தால் அது டைமெத்தில் சல்ஃபைட். மால்ட்டில் இருக்கிற ஒரு பொருள் சூட்டில் மாறி உண்டாவது, நன்றாகக் கொதிக்க வைத்தால் ஆவியோடு போய்விடும். மிக லேசாக இருந்தால் லேகரில் (குளிரில் மெதுவாக நொதிக்க வைக்கிற பீர், லைட் பீரும் இந்த வகைதான்) மன்னிக்கலாம், முட்டைக்கோஸ் வெந்த தண்ணி மாதிரி ஆகிவிட்டால் மன்னிக்க முடியாது. வெண்ணெய், பட்டர்ஸ்காட்ச் வாசனை வந்தால் டயாசிட்டைல். கேட்க நன்றாக இருக்கிறதே என்று தோன்றும், ஆனால் லேகரில் அது அவசரத்தின் அடையாளம். ஈஸ்ட் முதலில் அதற்கான மூலப்பொருளை வெளியே விட்டு, பிறகு கடைசி நாட்களில் டயாசிட்டைலைத் தானே தின்று சுத்தம் செய்யும், அதற்கு நேரம் கொடுக்காமல் வடிகட்டினால் தங்கிவிடும். நாக்கில் ஒரு வழுக்கலாகவும் அது தெரியும். பச்சை ஆப்பிள் நறுக்கிய வாசனை அசிட்டால்டிஹைடு, அதுவும் பெரும்பாலும் முடியாத நொதித்தல்தான். முதலில் தீக்குச்சி உரசிய மாதிரி லேசாக வந்து ஒரு நிமிடத்தில் காணாமல் போனால் லேகர் ஈஸ்ட்டுக்கு அது சகஜம், விட்டுவிடலாம்.

நம் ஊரில் அதிகம் சந்திக்கப் போவது இவை எதுவும் இல்லை, நனைந்த அட்டைப்பெட்டி வாடை. காற்றும் சூடும் சேர்ந்து பீரைப் பழசாக்கியதன் வாடை அது. முதலில் புதுத் தானிய வாசனை மங்கும், அப்புறம் தேன் மாதிரி ஒரு பொய்த் தித்திப்பு எட்டிப் பார்க்கும், கடைசியில் அட்டை. இதை அடையாளம் காணப் பழகிவிட்டால், "இந்த பிராண்டு நல்லா இல்ல" என்று சொன்ன பல தடவை உண்மையில் "இந்தப் பெட்டி வெயிலில் கிடந்தது" என்றுதான் சொல்லியிருக்க வேண்டும் என்பது புரியும்.

வாய்

முதல் மடக்கில் தீர்ப்பு சொல்லாதீர்கள், அது வாயைத் தயார் செய்ய மட்டும். இரண்டாவது மடக்கை நாக்கு முழுக்கப் படும்படி ஓடவிட்டு விழுங்கி, வாயை மூடி மூக்கு வழியாக மூச்சை விடுங்கள். முகரும்போது தெரியாத வாசனை இப்போது தெரியும்.

ஆரம்பத்தில் மெல்லிய தித்திப்பு, நடுவில் கேஸின் சுறுசுறுப்பு, முடிவில் வறட்சி. கசப்பு என்பது தித்திப்பை நிறுத்துகிற அளவுக்கு மட்டும். விழுங்கிய சில நொடிகளில் வாய் சுத்தமாகிவிட வேண்டும், நாக்கில் பிசுபிசுப்போ தொண்டையில் காறலோ துவர்ப்போ தங்கக் கூடாது. இந்த முடிவுக்குத்தான் நான் அதிக மதிப்புக் கொடுப்பேன். சர்க்கரை அதிகம் சேர்த்து ஒப்பேற்றிய பீரில் முடிவு இரண்டாகப் பிளந்து தெரியும்: மேலே வெறுமை, கீழே ஒரு தித்திப்பு, நடுவில் எதுவும் இல்லை. தகர ருசி வந்தால் அதையும் எழுதிக்கொள்ளுங்கள். புளிப்பு வந்தால் பாக்டீரியா புகுந்திருக்கிறது, லைட் பீரில் புளிப்புக்கு வேலை இல்லை.

இப்போது முக்கால்வாசிப் பேர் செய்யாத ஒன்று. கிளாஸில் கொஞ்சம் மிச்சம் வைத்து அரை மணி நேரம் கழித்துக் குடித்துப் பாருங்கள். கூலிங்கும் கேஸும் போன பிறகு பீர் தன் உண்மையான முகத்தைக் காட்டும். ரசித்துக் குடிக்கிற மாதிரி இருக்காது, அதை எதிர்பார்க்கவும் கூடாது. ஆனால் நல்லதாக இருந்தால் இன்னும் தானிய ருசி இருக்கும், அருவருப்பாக எதுவும் இருக்காது. மெலிந்த பீருக்கும் வெற்றுத் தண்ணியாகிவிட்ட பீருக்கும் உள்ள வித்தியாசம் இந்த ஒரு மடக்கில் தெரிந்துவிடும்.

மார்க்

அமெரிக்காவில் 1985ல் தொடங்கிய பி.ஜே.சி.பி. என்ற பீர் நடுவர்கள் அமைப்பின் முறையைப் பயன்படுத்தலாம், அது எளிமையானது. மொத்தம் 50. வாசனைக்கு 12, தோற்றத்துக்கு 3, ருசிக்கு 20, வாயில் படும் உணர்வுக்கு 5, மொத்த அபிப்பிராயத்துக்கு 10. தோற்றத்துக்கு 3 மட்டும் என்பதைக் கவனியுங்கள், பாட்டில் அழகுக்கு ஒன்றும் கிடையாது. 30க்கு மேல் வந்தால் மிக நல்லது, 38க்கு மேல் அருமை, 45ஐத் தொடுவது அபூர்வம்.

அமெரிக்க லைட் லேகரின் அளவுகோலில் ஆல்கஹால் 2.8 முதல் 4.2 சதவீதம், கசப்பு 8 முதல் 12 ஐ.பி.யூ. (பீரின் கசப்பை அளக்கிற அலகு) மட்டுமே. நம் 4.8 சதவீத லைட் பீர் அதற்கு அடுத்த படியில் இருக்கிற சாதாரண லேகர் வகையில்தான் உட்காரும், அதற்குக் கசப்பு 18 வரை போகலாம். எந்த வகையில் வைத்து மார்க் போடுகிறீர்கள் என்பதை முதலிலேயே முடிவு செய்யுங்கள். ஐ.பி.ஏ. பிடிக்கும் என்பதற்காக லைட் பீருக்குக் கசப்பு போதவில்லை என்று மார்க் வெட்டுவது, இட்லியில் காரம் இல்லை என்று சொல்வதற்குச் சமம். இந்த வகையில் தூக்கலான ருசிதான் குற்றம்.

பேர் தெரியாமல் குடியுங்கள்

லேபிள் தெரிந்தால் நாக்கு பொய் சொல்லும், யாருக்கும் விதிவிலக்கு இல்லை. அதனால் மூன்று கிளாஸ் முறை. ஒருவர் உள்ளே போய் இரண்டு கிளாஸில் ஒரே பீரும் மூன்றாவதில் வேறு பீரும் ஊற்றி, அடியில் குறி போட்டுக் கொண்டுவர வேண்டும். எது மாறுபட்டது என்று நீங்கள் சொல்ல வேண்டும். குருட்டாம்போக்கில் சொன்னாலே மூன்றில் ஒரு தடவை சரியாகிவிடும், அதனால் ஒரு சுற்றை வைத்து முடிவு செய்யக் கூடாது. ஐந்து சுற்றில் நான்கு சரி என்றால் அது அதிர்ஷ்டமாக இருக்கும் வாய்ப்பு நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவு, உங்களுக்கு உண்மையிலேயே வித்தியாசம் தெரிகிறது என்று எடுத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு கிளாஸிலும் இரண்டு மடக்கு, அதாவது 30 மில்லி போதும். ஐந்து சுற்றுக்கு 450 மில்லிதான் ஆகும், அதையும் முழுக்க விழுங்க வேண்டியதில்லை, பக்கத்தில் ஒரு கிண்ணம் வைத்துக்கொண்டு துப்பலாம்.

இரண்டு பிரபலமான லைட் பீரை வைத்து இதைச் செய்து பாருங்கள். உயிரைக் கொடுத்து ஒரு பிராண்டுக்கு வாதாடுகிறவர்களே தடுமாறுவார்கள். அது அவமானம் இல்லை. அந்த பீர்கள் ஒன்றுக்கொன்று எவ்வளவு நெருக்கம், விலை வித்தியாசம் எதற்காகக் கொடுக்கிறோம் என்பது தெரிகிறதே, அதுதான் லாபம்.

பழகுவதற்கு இன்னும் மூன்று பயிற்சி. ஒன்று, ஏற்காடு ஏரிப் பக்கமோ வீட்டிலோ மக்காச்சோளம் வேகவைத்த தண்ணியில் ஒரு ஸ்பூன் எடுத்து ஒரு கிளாஸ் பீரில் கலந்து, கலக்காத கிளாஸோடு ஒப்பிட்டு முகர்ந்து பாருங்கள். அந்த வாடை மூக்கில் பதிந்துவிடும். இரண்டாவது, ஒரே பீரை இரண்டு கிளாஸில் ஊற்றி ஒன்றை நிறமில்லாத கண்ணாடித் தட்டால் மூடி உச்சி வெயிலில் பத்து நிமிடம் வையுங்கள், மற்றதை நிழலில் வையுங்கள், இரண்டையும் மறுபடி குளிர வைத்து முகருங்கள். வெளிச்சம் என்ன செய்கிறது என்று அதற்கப்புறம் யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

மூன்றாவது கொஞ்சம் பொறுமை கேட்கும். கோடையில் ஒரே தேதி, ஒரே பேட்ச் நம்பர் போட்ட டின் இரண்டு வாங்குங்கள். ஒன்றை ஃப்ரிட்ஜில் வையுங்கள், இன்னொன்றை வீட்டிலேயே அதிகம் சூடேறுகிற அறையில், மொட்டைமாடிக்குக் கீழே இருக்கிற பரண் மேல், ஒரு மாதம் வையுங்கள். பிறகு இரண்டையும் ஒரே அளவுக்குக் குளிர வைத்து, மூன்று கிளாஸ் முறையில் ஊற்றச் சொல்லி, தானிய வாசனை எதில் நிற்கிறது, தேன் தித்திப்பு எதில் வருகிறது, முடிவு எதில் சுத்தமாக இருக்கிறது என்று தனித்தனியாக எழுதுங்கள். கிளாஸைக் கவிழ்த்துக் குறியைப் பார்ப்பது அதற்குப் பிறகு.